விழுந்த பிள்ளைக்கு முதுகு காட்டி நின்றேன்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

சின்னப் பந்தய வண்டிகள் ஓடும் நம் கார்ட் ட்ராக்கில் கொடி பிடிக்கும் வேலைக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று முதலாளி பாய் சொல்லி அனுப்பினார். நாலு முகத்தை ஒன்றாகப் பார்த்தால் எனக்கு வாய் காய்ந்துவிடும். எழுதித் தருகிறேன், யாராவது சத்தமாக வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கொடி எதற்கு, வாக்கிடாக்கியில் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் என்கூட வேலை பார்க்கிற காசி சொல்லித் தருவான். நான் அதற்குள் போகவில்லை. பாம்பன் பிள்ளை பெனிட்டா இங்கே வண்டி ஓட்டத் தொடங்கின கதையை, தொடங்கும் முன்பே முடிந்துபோகப் பார்த்த கதையை, மட்டும் சொல்கிறேன். இந்த வேலையில் நான் கற்றது முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. நான் இங்கே வந்தது கொடி பிடிக்க இல்லை, கூட்டிப் பெருக்க. பாய் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, உச்சிப்புளிக்குக் கிழக்கே சும்மா கிடந்த குடும்பத்து நிலத்தில் வளைத்து வளைத்துத் தார் ரோடு போட்டபோது ஊரே சிரித்தது. எந்த ஊருக்கும் போகாத ரோடு என்று பெயர் வைத்தார்கள். அந்த ரோட்டில் தினமும் விடியும்போது மணல் ஏறிக் கிடக்கும். காற்று தென்கடலில் இருந்து அடித்தால் ஒரு பக்கம், வடகடலில் இருந்து அடித்தால் இன்னொரு பக்கம். மணலில் சக்கரம் ஏறினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

கொடி பிடிக்கிற ஆள் வராத ஒரு நாளில் என் கையில் மஞ்சள் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வெட்கம். வேலிக்கு வெளியே அத்தனை பேர் நிற்கும்போது கையைத் தூக்குவதா? இடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு லேசாக அசைத்தேன். அப்போது எங்களுக்கு வேலை பழக்கிக்கொடுப்பதற்காகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து தங்கியிருந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். அவர் பக்கத்தில் வந்து, "ஏனுங்கக்கா, ஈ ஓட்டறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத் தூக்கின கை, பிறகு தாழவில்லை.

அவர்தான் அந்தக் கொடுமையான பாடத்தைச் சொன்னார். வளைவில் ஒரு வண்டி சுற்றி நின்றால், ஓட்டினவனை எடுக்க அங்கே நிற்கிற இரண்டாவது ஆள் போவார். கொடி வைத்திருக்கிறவர் அவனைப் பார்க்கவே கூடாது. அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, அடுத்து வருகிற வண்டியைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை பின்னால் அழும்போது திரும்பாமல் எப்படி நிற்பது, இவருக்கு ஈரமே இல்லையா என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நான் விழுந்தப்ப கொடிக்காரன் பாவம்னு திரும்பிப் பார்த்தானுங்க. அந்த நேரத்துலதான் அடுத்த வண்டி என் கால் மேல ஏறுச்சு."

கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. சரி, பெனிட்டா கதைக்கு வருகிறேன்.

அவள் அப்பா சூசை பாம்பனில் சின்ன வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை நம் கேன்டீனுக்கு மீன் கொண்டுவருவார். மொபெட்டின் பின்னால் மீன் பெட்டியைப் பிடித்தபடி இந்தப் பிள்ளை உட்கார்ந்து வரும். ஒன்பதாம் வகுப்பு. அப்பா மீனை எடை போடுவதற்குள் இவள் வேலிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பாள். வண்டி வளைவுக்குள் போகும்போது இவள் உடம்பும் சாயும். வண்டி வேகம் எடுத்தால் இவள் கால் பெருவிரல் மண்ணை அழுத்தும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெருக்கிக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

அந்த வருஷம் பாய் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு காலையில் வாடிக்கையாளர்கள் வருமுன் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் வந்து இலவசமாக ஓட்டிப் பழகலாம். கடைசியில் ஒரு நாள் பந்தயம். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. இரண்டையும் ஒழுங்காக ஓட்டி முடிக்கிறவர்களில் நாலு பேரை ஜூனியர் டீமில் எடுத்து வெளியூர்ப் பந்தயங்களுக்குக் கூட்டிப்போவார். பெனிட்டா அவளாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். சூசைக்கு அது பிடிக்கவில்லை. மகள் அழுததற்காக ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் அவளுக்கு மாட்டிவிட்டது நான்தான். துப்பட்டாவைக் கழற்றி வாங்கினேன். பின்னலைச் சுருட்டிக் கழுத்துக்குள் செருகி, அதன்மேல் துணிக்குல்லாவை இழுத்துவிட்டு, பிறகு ஹெல்மெட். பொம்பளைப் பிள்ளைகள் வந்தால் தலைமுடியை நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். வண்டிக்கு மேலே மூடி கிடையாது, பின்னாலேயே சங்கிலி ஓடுகிறது. அவள் சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைத் திணித்தேன்.

போனாள் பாருங்கள். முதல் சுற்றிலேயே எல்லாரும் வேலிப் பக்கம் வந்துவிட்டார்கள். நேர் ரோட்டில் இஞ்சின் அலற அலற வருகிறாள். வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் அடங்கிவிடுகிறது. வண்டி தன்னாலே மிதந்துபோய், வளைவைத் தொட்டு, திரும்பி, மறுபடி அலறிக்கொண்டு போகிறது. பிரேக்கை அவள் தொடவே இல்லை. பாய் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்.

"வள்ளத்துல பிரேக் கிடையாதே, அண்ணே."

"ஏ பிள்ளை, இது என்ன வள்ளத்தக் கரை புடிக்கிற வேலையா? முட்டுற மாதிரி போயி அமுக்கணும்."

அடுத்த சுற்றில் முட்டுகிற மாதிரியே போய் அமுக்கினாள். வண்டி மூன்று முறை சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பயந்து அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், கோபப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சுற்றி நின்றுவிட்டுச் சிரித்த பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு வந்த வாரங்களில் எங்கே அமுக்கணும், எங்கே மிதக்க விடணும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அவள் ஓட்டும்போது துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் கால் பெருவிரலும் மண்ணை அழுத்தும். இதை வெளியே சொன்னதில்லை.

பந்தய நாள் வந்தது. சூசையும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வந்த மாதிரி, வேலிக்கு வெளியே தனியாக நின்றார். பின்னலைச் செருகிவிடும்போது பெனிட்டா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, இன்னைக்கு டீம்ல எடுத்தா எடுக்கட்டும், எடுக்கலைன்னா இந்த வண்டிப் பேச்சே வீட்ல வரக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு." அவள் கழுத்து சில்லென்றிருந்தது.

பந்தயத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கொடிகளைப் பற்றிச் சொன்னார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, கவனம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பெனிட்டாவும் ஆட்டினாள்.

காலைப் பந்தயத்தில் எட்டு வண்டி. நான் நின்றது உப்பு வளைவில். மழைத் தண்ணீர் காய்ந்தால் அங்கே தரை ஓரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், அதனால் அந்தப் பேர். எனக்குப் பக்கத்தில் காசி. அப்போது அவனும் புதுசுதான். பெனிட்டா நாலாவதாகக் கிளம்பி, இரண்டாவது சுற்றில் மூன்றாவதாகி, அதற்கடுத்த சுற்றில் நேர் ரோட்டின் முடிவில் ஒருவனை உள்பக்கமாகக் கடந்து இரண்டாவதாக வந்தாள். காசி "ஆத்தாடி" என்று தலையில் கை வைத்தான். அவளுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான். ஒவ்வொரு வளைவிலும் அந்த இடைவெளி குறைந்தது.

அப்போதுதான் முன்னால் போன பையன் அவசரப்பட்டான். என் வளைவில் ஓரத்து உப்பில் சக்கரத்தை விட்டு, சுற்றி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டான். காசி அவனிடம் ஓடினான். நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மஞ்சள் கொடியை வீசினேன். முதலில் வருவது பெனிட்டா. கொடியைப் பார்த்துவிட்டாள், அவள் தலை என் பக்கம் திரும்பியது. வேகத்தைக் குறைத்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

குறைத்தவள் போகவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் ஏறி, நேராக என்னிடம் வந்து வண்டியை நிறுத்தினாள். சீட்டிலிருந்து குதித்தாள். குறுக்கே நிற்கிற வண்டியை நோக்கி ரோட்டுக்குள்ளேயே ஓடினாள். நேர் ரோட்டின் முனையில் மீதி வண்டிகள் மொத்தமாக வந்துகொண்டிருந்தன.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது. என் உடம்பு முழுக்க அவளைப் பிடித்து இழுக்கப் போகச் சொன்னது. நான் போயிருந்தால் கொடி கீழே விழுந்திருக்கும். வருகிற வண்டிகளுக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. என் கொடி ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் கொடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் விளிம்புவரை இறங்கி வீசினேன். வாயால், வாழ்க்கையில் முதல் தடவையாக, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"டயருக்குப் பின்னால போடீ!"

பெனிட்டா அப்படியே திகைத்து, ஓரத்தில் அடுக்கியிருந்த டயருக்குப் பின்னால் பாய்ந்தாள். வண்டிகள் வேகம் குறைத்து ஒவ்வொன்றாக என்னைத் தாண்டி, குறுக்கே நின்ற வண்டியைச் சுற்றிப் போயின. கடைசி வண்டி போன பிறகுதான் கொடியை இறக்கினேன். அதற்குள் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

பாய் ஓடிவந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஏன் இறங்கினாய் என்று கேட்டார். பெனிட்டாவுக்கு அவர் கேட்டதே புரியவில்லை.

"பெரியம்மா கொடி வீசிக் கூப்பிட்டாக. வந்தேன்."

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். கொடி வீசினால் பக்கத்தில் வருவாளாம், பச்சைக் கொடி காட்டினால் ரயிலில் ஏறிவிடுவாள் என்று ஒருவன் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். நான்தானே கூப்பிட்டேன், சொல்லுங்கள் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் காட்டுப் பக்கத்து ஊர்க்காரி. கடலைத் தூரத்தில் பார்த்தவள்.

விளக்கியது சூசைதான். எப்போது வேலியைத் தாண்டினார் என்று தெரியவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "பாய், எம் பிள்ளை தப்புப் பண்ணலை. கடலுக்குள்ள ஒருத்தன் துணிய வீசுனா, இஞ்சின் நின்னுபோச்சு, வந்து காப்பாத்துன்னு அர்த்தம். போட்ட வலைய அறுத்துவிட்டாவது போகணும். பார்த்துட்டுப் போனவன் மறுநா கடற்கரையில மூஞ்சி காட்ட முடியாது."

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தாள். ஒரு லீவு நாளில் அப்பாவோடு அவளும் கடலுக்குப் போயிருக்கிறாள். இஞ்சின் நின்றுவிட்டது. அப்பா லுங்கியைத் துடுப்பில் கட்டி வீசியிருக்கிறார். "ரெண்டு வள்ளம் பார்த்துட்டே போயிருச்சு. மூணாவது வள்ளந்தான் வந்துச்சு. பார்த்துட்டுப் போற வள்ளமா நான் இருக்கணுமா, அண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. பாய் சூசையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சூசை, உங்க மக மனசு நல்ல மனசு. அல்லாஹ் காப்பாத்துனான். ஆனா இன்னும் கொஞ்சம் தப்பியிருந்தா ஆறு வண்டி அவ மேல ஏறியிருக்கும். ரோட்டுல இறங்குனவங்க அன்னைக்கு மறுபடி ஓட்டக்கூடாதுங்கறது சட்டம். அத மாத்தணும்னா அந்த வளைவுல நின்னவங்க சொல்லணும்." என் பக்கம் திரும்பினார். "கொடியம்மா, மத்தியானம் இவளை விடலாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம். விடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஓட்டுவாள், டீமில் சேர்வாள். வேண்டாம் என்றால் இன்றோடு முடிந்தது, அவள் அப்பா சொல்லிவிட்டார். அந்த வீட்டாரைத் தவிர இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கை மட்டும் ஹெல்மெட் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

என் காதில் அந்த வண்டிகள் வந்த சத்தம் இன்னும் இருந்தது. மதியம் மறுபடி யாராவது விழுவார்கள். நான் மறுபடி மஞ்சளை வீசுவேன். அவள் புத்திக்கு இப்போது விஷயம் தெரியும். ஆனால் அவள் கை கால்களுக்கு அது தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்தது ஒரே காலை நேரத்தில் போய்விடாது.

"வேண்டாம்" என்றேன்.

பெனிட்டாவின் முகம் அப்படியே அடங்கிவிட்டது. சூசை அவள் தோளில் கை வைத்து, வா போகலாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. அதோடு வாயும் திறந்துகொண்டது. "வீட்டுக்குப் போக வேண்டாம். மத்தியானம் என்கூட நிக்கட்டும். நான் எங்கன பார்க்கிறேனோ அங்கன அவளும் பார்க்கட்டும்."

பாய் யோசித்துவிட்டுச் சரி என்றார். சூசை வேலிக்கு வெளியே போய்ப் பழைய இடத்தில் நின்றார். போய்விடவில்லை, அது போதும் எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் நானும் அவளும் உப்பு வளைவில் நின்றோம். காசி விழுந்த பையன் மாதிரி ரோட்டில் படுத்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று ராகம் போட்டு அழுதான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக் கொடி வீசிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்து திரும்பியது. நான் சொன்னேன்: "ஏத்தா, கடல்ல அந்த மூணாவது வள்ளம் யாரு தெரியுமா? இங்கன அது காசி. அவன்தான் போய்த் தூக்குவான். நீ துணி வீசுறது, அந்த வள்ளம் வந்திருச்சு, மத்தவுக மோதாமப் போங்கன்னு சொல்றதுக்கு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஓட்டுறவ மெதுவாத் தள்ளிப் போறதும் காப்பாத்துறதுதான்" என்றாள். நான் அந்த அளவுக்கு நினைத்திருக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மதியப் பந்தயம் காலையைவிடக் கடுமையாக இருந்தது. காற்று திரும்பியிருந்தது. நாங்கள் பெருக்கின இடமெல்லாம் மறுபடி மணல். வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. பெனிட்டா என் பக்கத்தில் குதித்துக்கொண்டே இருந்தாள். இவன் முந்திடுவான் பெரியம்மா, அவன் உள்ள வருவான் பாருங்க என்று நடக்கும் முன்னாலேயே சொன்னாள். அவள் சொன்னபடியே நடந்தது. எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

முடிய இரண்டு சுற்று இருக்கும்போது, முன்னால் வந்த இரண்டு வண்டிகளும் சக்கரத்தோடு சக்கரம் பின்னிக்கொண்டன. ஒன்று ரோட்டின் அந்தப் பக்க ஓரத்தில் போய் நின்றது. இன்னொன்று இந்தப் பக்கம் டயர் அடுக்கில் ஏறிச் சாய்ந்துவிட்டது. காசி அந்தப் பக்கம் ஓடினான். சாய்ந்த வண்டிக்குள் இருந்த பையன், கால் மாட்டிக்கிச்சு என்று கத்தினான். பெட்ரோல் வாடை வந்தது.

தூக்க ஆள் இல்லை. நான்தான் போக வேண்டும். நான் போனால் கொடிக்கு ஆள் இல்லை.

கொடியைப் பெனிட்டா கையில் கொடுத்தேன். "திரும்பாத" என்றேன். ஓடினேன்.

பையனின் கால் பெடலுக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. இஞ்சினை அணைத்தேன். ஷூ கயிற்றை அவிழ்த்து, ஷூவை வண்டியிலேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவினேன். அவன் வலியில் அம்மா என்று அலறினான். நிமிர்ந்து பார்த்தேன். பெனிட்டா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் ஒரு தடவை உதறியது. தலை திரும்பவில்லை. தூக்கின கை தாழவில்லை. அவளுக்கு முன்னால் வண்டிகள் அடங்கி அடங்கி வந்தன. கொடியைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல ஒவ்வொருத்தனும் ஒரு கையை உயர்த்திவிட்டு எங்களைத் தள்ளிக் கடந்துபோனான். காலையில் அவளைக் கேலி செய்தவனும் கையை உயர்த்தினான்.

பந்தயம் முடிந்ததும் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். ஒரு சின்னப் பிள்ளை கையில் கொடியைக் கொடுப்பதா, வாக்கிடாக்கியில் ஒரு வார்த்தை சொல்லிச் சிவப்பு காட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அவர் சொன்னது சரி. நீங்கள் அப்படித்தான் செய்ய வேண்டும், வாக்கிடாக்கி அதற்குத்தான் இடுப்பில் இருக்கிறது. ஆனால் திட்டி முடித்துவிட்டு அவர் போகாமல் நின்றார். "நாலு பேர்ல மூணு பேரை எடுத்துட்டேன்" என்றார். "ஒரு இடம் அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்கு ஒரு பந்தயம். அவ ஓட்டி முடிச்சாள்னா இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்."

நான் போய்ச் சூசையிடம் சொன்னேன். ஒரு ஆம்பிளையிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ட்ராக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எத்தனை மணிக்குக் கூட்டிக்கிட்டு வரணும்?"

அடுத்த ஞாயிறு. டீமுக்கு எடுத்த பிள்ளைகளும், மூத்த பையன்கள் சிலரும், நடுவில் பெனிட்டாவும். மூத்தவர்கள் இருந்ததால் கடைசி வரிசையிலிருந்து கிளம்பினாள். பச்சைக் கொடி இறங்கியதும் ஒரே சத்தம், ஒரே புகை. முதல் வளைவில் இருவரைத் தாண்டிவிட்டாள். நேர் ரோட்டில் இன்னொருவன் பின்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் உள்ளே புகுந்தாள். நடுவில் ஒரு தடவை வேறு வளைவில் மஞ்சள் வீசினார்கள். அவள் கையை உயர்த்தி, அடங்கி, விழுந்தவனைத் தள்ளிப்போய், தாண்டியதும் மறுபடி சீறினாள். நான் என் வளைவிலிருந்து பார்த்தேன். மூச்சை அப்போதுதான் விட்டேன். வேலி ஓரத்தில் சூசை வண்டியோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். வேட்டி முனை ஒரு கையில், செருப்பு ஒரு கையில்.

நாலாவது, மூன்றாவது என்று ஏறி வந்தாள். என் வளைவுக்குள் நுழையும்போது அவளுக்கும் இரண்டாவது வண்டிக்கும் ஒரு சாண்தான். அந்தச் சாணையும் எடுக்கப் பார்த்தாள். காற்று போட்டிருந்த மணலில் பின்சக்கரம் ஏறிவிட்டது. வண்டி சுற்றியது. ஒன்று, இரண்டு, டயரில் இடித்து, ரோட்டுக்கு நடுவில், வருகிறவர்களைப் பார்த்தபடி நின்றது.

காசி ஓடினான். நான் மஞ்சளைத் தூக்கினேன்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது முடியாத காரியமாக இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது. அடிபட்டுவிட்டதா, மறுபடி இறங்கி ஓடப்போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. முன்னால் மூன்று வண்டி என்னை நோக்கி வருகிறது. என் கழுத்து, என்னைக் கேட்காமலே, திரும்பத் தொடங்கியது.

அப்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "பெரியம்மா, திரும்பாதீக. நான் நல்லாருக்கேன். வண்டிக்குள்ளதான் இருக்கேன்."

நான் திரும்பவில்லை. மூன்று கைகள் உயர்ந்தன, மூன்று வண்டிகள் என்னைத் தாண்டின. காசி தள்ளுவதும், இஞ்சின் இருமுவதும், இருமி இருமி ஒரு தடவை பற்றிக்கொள்வதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வேலியிலிருந்து சூசையின் குரல், கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல், "விடாத தாயீ, போ" என்றது. வண்டி ஒன்று என் முதுகை விட்டு அலறிக்கொண்டு விலகிப்போனது. அது வளைவைத் தாண்டி நேர் ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் முன்னால் பார்த்தபடியே கொடியைப் பிடித்திருந்தேன். பிறகுதான் மடக்கினேன். அவள் கடைசியாகத்தான் முடித்தாள், ஆனால் முடித்தாள். பாய் நாலாவது இடத்துக்கு வேறு யாரையும் தேடவில்லை.